வலைத்தளத்தில் வரன் தேடுவோர்க்கு

(கரக்பூர் ரயில்வே காலனித் தமிழ் அன்பர்களின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. நண்பர்கள் விரும்பியவாறு ஆண்டு மலருக்காக எழுதித் தரப்படுகிறது.)

     

இம்மேடையில் எமக்கு முன் நின்று பேசியவர்கள் குறளிலும் சிலம்பிலும் தோய்ந்த பெரியோர்கள். யாமோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்து, இருபத்தேழு ஆண்டுகளாக ரயில்வே அலுவலகத்தில் கோப்புக் கட்டுகளுக்கு நடுவே காலம் தள்ளும் குமாஸ்தா. "இலக்கியம் பேச வல்லார் பலர் இருக்கிறார்கள். மண வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோர்க்குப் பயன்படும் ஒன்றை நீங்கள் பேச வேண்டும்" என்று செயலாளர் அவர்கள் கட்டளையிட்டார்கள். அவர்கள் எம்மைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இத்துறையில் பிழை செய்து, அப்பிழையால் பட்டுத் தெளிந்தவர்கள் யாம் என்பதைக் காலனி முழுவதும் அறியும். அதனை மறைக்காமல் சொல்லிவிடலாம் என்ற துணிவோடுதான் வந்திருக்கிறோம்.

வரன் தேடும் வலைத்தளங்களிலும் கைப்பேசிச் செயலிகளிலும் ஒருவரைப் பற்றி எழுதி வைக்கும் அறிமுகக் குறிப்பே இன்றைய பொருள். இதனை நம் பிள்ளைகள் 'புரொபைல்' என்கிறார்கள். நம் பெற்றோர் காலத்தில் இத்தொல்லை இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு கோடை விடுமுறையில் ஊருக்குப் போவார்கள். திருவிழாவிலோ, சித்தப்பா வீட்டுக் கலியாணத்திலோ ஒரு பெண்ணைப் பார்ப்பார்கள். அடுத்த பாஸில் மணமக்கள் வந்து சேர்வார்கள். அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்பதை எவரும் எழுத வேண்டியதில்லை. அத்தை அறிவாள், ஊரார் அறிவார்கள், கிணற்றடி அறியும். பெங்கால் நாகபுரி ரயில்வே நாளில் இங்கே வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் இன்று மணப்பருவத்தில் நிற்கிறார்கள். ஊரில் நம்மை அறிந்த அத்தைகள் பலர் மறைந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகள் தேவைப் பகுதியும் தரகர்களும் ஓரளவு கைகொடுத்தார்கள். இப்பொழுது அந்த இடத்தை வலைத்தளம் பிடித்துக்கொண்டது.

ஒரு செய்தி நமக்குப் பெருமை தருவது. பாரத் மேட்ரிமோனி என்னும் பெரிய நிறுவனம், திரு. முருகவேல் ஜானகிராமன் என்னும் தமிழர் 1990களின் இறுதியில் அமெரிக்காவில் பணியாற்றியபோது அங்குள்ள தமிழர்க்காக நடத்திய வலைத்தளத்திலிருந்து கிளைத்தது. ஊரை விட்டு வந்தவர்களின் தேவையில் பிறந்த பொருள் அது. ஆகவே இதனை அந்நியமான ஒன்றாகக் கருதி ஒதுங்க வேண்டியதில்லை.

'டேட்டிங்' என்ற சொல்லைச் சொன்னால் தாய்மார்கள் முகம் சுளிப்பார்கள் என்பதை அறிவோம். மேல்நாட்டில் மாட்ச் என்னும் தளம் 1995இலும், டிண்டர் என்னும் செயலி 2012இலும் தொடங்கின. அவற்றில் முதலில் பழக்கம். திருமணம் பின்னர் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். நம் நாட்டு மணத் தளங்கள் வேறு வகை. அவை திருமணத்துக்கே உரியவை, பழகுவதற்கு உரியவை அல்ல என்று தெளிவாக அறிவிக்க வேண்டும் என மத்திய அரசு 2016இல் ஓர் அறிவுரைக் குறிப்பே வெளியிட்டது. நம் காலனிப் பிள்ளைகளில் சிலர் இரண்டிலும் இருக்கிறார்கள். இதனைப் பெற்றோர் அறியாதது போல் இருப்பதும், பிள்ளைகள் மறைப்பதும் இருதரப்பாருக்கும் வசதியாக இருக்கிறது. எந்தத் தளமானாலும், தன்னை அறியாத ஒருவர்க்குத் தன்னை எழுத்தால் அறிமுகப்படுத்திக்கொள்ளும் வேலை ஒன்றே. அந்த வேலையில்தான் யாம் தவறினோம்.

எம் தந்தையார் 1998இல் பணியில் இருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் எமக்கு வேலை கிடைத்தது. அப்பொழுது எம் தங்கைக்கு வயது ஏழு. அவளுக்கு இடது காது சிறு வயதிலேயே சீழ் பிடித்துக் கேளாமல் போயிற்று. வலது காது நன்றாகக் கேட்கும். படித்தாள், பட்டம் பெற்றாள், இவ்வூரிலேயே ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறாள். தந்தை இல்லாத பெண்ணுக்கு அண்ணனே தந்தை என்ற எண்ணத்தில், அவளுக்கான அறிமுகக் குறிப்பை யாமே எழுத உட்கார்ந்தோம். அலுவலகத்தில், உணவு இடைவேளையில், பக்கத்து மேசை நண்பரின் யோசனையோடு எழுதினோம்.

என்ன எழுதினோம் என்பதைக் கேளுங்கள். "பெண் நல்ல நிறம். அடக்கமானவள். குடும்பப் பாங்கானவள். வீட்டு வேலைகளில் தேர்ச்சி உள்ளவள். பெரியோரிடம் மரியாதை உள்ளவள். கௌரவமான குடும்பம்." இத்தனையும் எழுதி முடித்து ஒரு முறை படித்தபோது நெஞ்சு நிறைந்தது. உடல்நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இயல்பானது' என்பதைத் தொட்டோம். ஒரு காது கேட்கிறதே, அது இயல்புதானே என்று மனத்துக்குள் ஒரு வாதமும் செய்துகொண்டோம். ஸ்டூடியோவில் எடுத்த படத்தைக் கடைக்காரரே இரண்டு பங்கு வெளுப்பாக்கித் தந்தார். அதையும் ஏற்றினோம்.

மூன்று மாதங்களில் நாற்பதுக்குக் குறையாத விருப்பங்கள் வந்தன. வீட்டில் ஒரே கொண்டாட்டம். சேலத்திலிருந்து ஒரு குடும்பத்தார் புறப்பட்டுச் சென்னையில் வண்டி மாறி, ஓர் இரவும் ஒரு பகலும் பயணம் செய்து இங்கே வந்தார்கள். எம் தங்கை காப்பி கொண்டு வந்து வைத்தாள். பையனின் தாயார் அன்போடு அவளைத் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார்கள். அமர்த்தியது தமக்கு வலப்புறத்தில். அவளுக்கு அது இடப்புறம். தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்கள். அவள் பேசாமல் எதிரில் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் அப்படியே. அந்த அம்மையார் முகம் வாடியதைக் கண்டு எம் மனைவி பதறி உண்மையைச் சொல்லிவிட்டாள். பையனின் தந்தையார் கடிந்து ஒன்றும் பேசவில்லை. "காது கேளாதது பெரிதில்லை ஐயா, எங்கள் வீட்டிலும் குறை உள்ளவர்கள் உண்டு. முன்னரே எழுதியிருந்தால் நாங்கள் வந்தே இருப்போம். இப்பொழுது வேறு எதை நம்புவது?" என்று மட்டும் சொன்னார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அதை யாரும் தொடவில்லை.

அன்றிரவு எம் தங்கை அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் அழவில்லை. கைப்பேசியில் அந்தக் குறிப்பைத் திறந்து எம்மிடம் நீட்டி, "அண்ணா, இதில் நான் எங்கே அண்ணா இருக்கிறேன்?" என்று கேட்டாள். படித்துப் பார்த்தோம். உண்மையில் அவள் அதில் இல்லை. காலனியில் உள்ள எந்தப் பெண்ணின் பெயரை மேலே எழுதினாலும் அக்குறிப்பு பொருந்தும்.

மறுநாள் முதல், பிறர் குறிப்புகளையும் ஊன்றிப் படிக்கலானோம். பெரும்பாலானவை எம் குறிப்பின் உடன்பிறப்புகள். பையன்களுக்குத் தந்தைமார் எழுதுபவை இன்னும் வேடிக்கை. "மத்திய அரசுப் பணி, லெவல் 6, குடியிருப்பு வசதி உண்டு" என்று பணிப்பதிவேட்டிலிருந்து நகல் எடுத்தது போல் இருக்கும். பிள்ளை சிரிப்பானா, சினப்பானா, மாலையில் வீடு வந்தால் என்ன செய்வான் என்பதற்கு ஊதிய அட்டவணையில் விடை இல்லை. ஒரு பெரியவர் "கரக்பூர் ஐ.ஐ.டி. அருகில்" என்று எழுதியிருந்தார். இருப்பிடத்தைத்தான் சொன்னார். 1951இல் தோன்றிய அந்தக் கல்விக்கூடத்தின் புகழ் மட்டும் பிள்ளையின் மேல் விழும்படி சொன்னார். தொலைபேசியில் அழைத்தவர்கள் எல்லாரும் "ஐ.ஐ.டி.யில் எந்தத் துறை?" என்றே கேட்டார்களாம். இன்னொரு தம்பி, "உலகிலேயே நீளமான நடைமேடை உள்ள ஊர்க்காரன்" என்று பெருமையோடு எழுதியிருந்தான். நம் நடைமேடையின் நீளம் 1,072.5 மீட்டர், நெடுங்காலம் அந்தப் பெருமை நமக்கு இருந்ததும் மெய். 2013இல் கோரக்பூர் 1,366 மீட்டரோடு முந்தியது. 2023இல் ஹூப்ளி 1,507 மீட்டரோடு அதையும் முந்தியது. குறிப்பில் எழுதுவது பழைய கால அட்டவணையாக இருக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம். வேலை மாறியிருக்கும், வயது இரண்டு கூடியிருக்கும், தலைமுடி குறைந்திருக்கும். குறிப்பு மட்டும் மாறாமல் கிடக்கும்.

பொய் சொல்வது நம்மவர்க்கு மட்டும் உரிய குணம் என்று எண்ண வேண்டாம். நியூயார்க் நகரில் இத்தகைய தளங்களைப் பயன்படுத்திய 80 பேரை அழைத்து, அவர்களின் உயரத்தையும் எடையையும் அளந்து, வயதையும் சரிபார்த்து, குறிப்பில் எழுதியிருந்ததோடு ஒப்பிட்டார்கள் சில ஆராய்ச்சியாளர்கள். 2008இல் அந்த முடிவு வெளியாயிற்று. பத்தில் எட்டுப் பேர் மூன்றில் ஏதேனும் ஒன்றில் மாற்றி எழுதியிருந்தார்களாம். ஆயினும் மாற்றம் பெரும்பாலும் சிறிதாகவே இருந்ததாம். நேரில் பார்க்கும்போது பிடிபடாத அளவுக்கே கூட்டியும் குறைத்தும் இருந்தார்கள். அவர்களுக்கு இருந்த அந்த எச்சரிக்கைகூட எமக்கு இல்லாமல் போயிற்று. காது கேளாமையை எந்த நாற்காலியில் உட்கார வைத்து மறைக்க முடியும்?

சட்டமும் இதில் தலையிடுகிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, முக்கியமான உண்மை ஒன்றில் ஏமாற்றி இசைவு பெற்ற திருமணத்தை ரத்துச் செய்யுமாறு நீதிமன்றத்தில் கேட்கலாம். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. அதில் பின்னர் சேர்த்த 4ஏ பிரிவு, மணத்துக்கு ஈடாகச் சொத்தோ பணமோ தருவதாக விளம்பரம் செய்வதையே குற்றமாக்குகிறது. "பெண்ணுக்கு ஊரில் மனைக்கட்டு உண்டு, திருமணத்தோடு மாப்பிள்ளை பெயருக்கு மாற்றித் தரப்படும்" என்று கள்ளமில்லாமல் எழுதும் தந்தைமார் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, எம் தங்கை தானே எழுதிய குறிப்புக்கு வருவோம். எம்மை அருகில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் எழுதினாள். அவள் அனுமதியோடு இங்கே படிக்கிறோம்.

"நான் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். எனக்கு இடது காது சிறு வயது முதல் கேட்பதில்லை. என் மாணவர்கள் என் வலப்புறம் வந்து நின்று கேள்வி கேட்கப் பழகிவிட்டார்கள். கூட்டத்தில் சில சமயம் பேச்சு புரியாமல் போகும். அப்பொழுது மறுபடியும் கேட்பேன். தமிழ் வீட்டில் பேசுவது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்; இப்பொழுது அண்ணன் மகளோடு சேர்ந்து வேகமாகப் படிக்கக் கற்றுக்கொள்கிறேன். வங்காளமும் இந்தியும் நன்றாக வரும். கோல் பஜாரில் மீன் வாங்கத் தெரியும். பேரம் பேசத் தெரியாது. அண்ணி வைக்கும் குழம்பு போல் எனக்கு வராது. இரவில் மாடியில் நின்று பிள்ளைகளுக்கு நட்சத்திரங்களைக் காட்டுவது பிடிக்கும். ஊர் மாறி வரத் தயங்க மாட்டேன். ஆசிரியர் வேலையை விட மாட்டேன். இரவு உணவை வீட்டார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் வழக்கம் இருந்தால் மகிழ்வேன்."

இதைப் படித்தபோது முதலில் எமக்கு அச்சமே உண்டாயிற்று. பேரம் பேசத் தெரியாது, குழம்பு வராது என்றெல்லாம் எழுதலாமா என்று கேட்டோம். எம் மனைவி மட்டும், "இப்பொழுதுதான் நம் வீட்டுப் பெண் பேசுவது போல் இருக்கிறது" என்றாள். யோசித்துப் பார்த்தபோது எமது தொழிலிலிருந்தே ஒரு விளக்கம் கிடைத்தது. பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இணைப்புக் கொக்கி இல்லாவிட்டால் அதை எந்த வண்டியோடும் சேர்க்க முடியாது. 'அன்பானவள், அடக்கமானவள்' என்பதில் கொக்கி இல்லை. அதைப் படித்த ஒருவர் என்ன கேள்வி கேட்பார்? 'நட்சத்திரம் காட்டுவேன்' என்றால், கரக்பூரில் எந்தெந்த நட்சத்திரம் தெரியும் என்று கேட்கலாம். 'பேரம் பேசத் தெரியாது' என்றால், எனக்கும் தெரியாது என்று ஒருவர் எழுதலாம். முன்பின் அறியாத இருவர்க்கிடையே முதல் பேச்சு தொடங்க இத்தகைய சிறு செய்திகளே உதவுகின்றன. கவர்ச்சி என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறோம். எம் அக்காள் மகன் ஒருவன் கணினியையே தன் குறிப்பை எழுதித் தரச் சொன்னான். அரை நிமிடத்தில் அழகாக எழுதித் தந்தது. அவன் நண்பன் கேட்டபோதும் ஏறக்குறைய அதையே அவனுக்கும் எழுதித் தந்தது. இருவரும் 'பயணத்தை விரும்புபவர்கள்' ஆகிவிட்டார்கள். எம் மருமகன் பாலிச்சக் தாண்டிப் போவதற்கே சோம்பல்படுபவன்.

நம்மைப் போல் வெளி மாநிலத்தில் வாழ்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சொந்த ஊர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? பாட்டனார் ஊரான திருநெல்வேலிச் சீமையின் ஒரு சிற்றூரை எழுதினால், அங்கே நம்மை அறிந்தவர் யார் என்று விசாரிக்கப் புறப்பட்டு, ஒருவரும் இல்லை என்று கண்டு ஐயம் கொள்கிறார்கள். கரக்பூர் என்று மட்டும் எழுதினால், தமிழர்தாமா என்று கேட்கிறார்கள். எம் அனுபவத்தில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுவதே நல்லது: இன்ன ஊரிலிருந்து பாட்டனார் ரயில்வே வேலைக்கு வந்தார், மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம், ஊரில் இன்னார் வழி உறவு இருக்கிறது. தமிழ் எவ்வளவு தெரியும் என்பதையும் எழுதிவிட வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாததை மறைத்து, மாமியார் வீட்டில் பேருந்துப் பலகை படிக்க முடியாமல் விழித்த பெண்ணின் கதையை இச்சபையில் உள்ள ஒரு தாயார் எமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வாறே இந்தி, வங்காளம், தெலுங்கு தெரிந்திருப்பதைக் குறையாக எண்ணி விட்டுவிடுகிறோம். பெங்களூரிலும் மும்பையிலும் வாழ நினைக்கும் குடும்பத்துக்கு அது பெரிய செல்வம்.

'சாதி தடையில்லை' என்று எழுதிவிட்டு, தொலைபேசியில் முதல் கேள்வியாக அதையே கேட்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தடையில்லை என்றால் மெய்யாகவே இல்லாதிருக்கட்டும். தடை என்றால் அவ்வாறே எழுதட்டும். இதற்குமேல் இங்கே பேசினால் தலைவர் அவர்கள் மணியடிப்பார்கள்.

படத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஓராண்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். காலையில் கிழக்குப் பார்த்த தாழ்வாரத்தில் நின்றால் போதும். அந்த வெளிச்சத்துக்கு ஈடான ஸ்டூடியோ இல்லை. முகம் தெரிய வேண்டும். கறுப்புக் கண்ணாடியும், பிறருடைய மோட்டார் சைக்கிளும் வேண்டாம். பத்துப் பேர் நிற்கும் கலியாணப் படத்தைப் போட்டால், பார்ப்பவர் இதில் யார் என்று ஒவ்வொரு முகமாகத் தேடுவார். தேடும்போது பக்கத்தில் நிற்பவரைப் பிடித்துப்போகவும் கூடும். கைப்பேசி தானே முகத்தை மெருகிட்டுத் தரும் வசதியை நிறுத்திவிட வேண்டும். தண்டவாளத்தில் உட்கார்ந்து எடுத்த படத்தை நம் காலனிப் பையன்கள் மூவர் போட்டிருக்கக் கண்டோம். ரயில்வே ஊழியர் வீட்டுப் பிள்ளை, 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவை மீறிய சான்றைத் தானே வெளியிடலாமா? எம் தங்கையின் புதிய படத்தை எம் மகள் எடுத்தாள். கரும்பலகையின் முன், கையில் சுண்ணக்கட்டியோடு, யாரையோ பார்த்துச் சிரிக்கும் படம். தோளில் சுண்ணத்தூள் படிந்திருக்கிறது. துடைத்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம் என்றோம், இருவரும் கேட்கவில்லை.

எழுத வேண்டியதைச் சொன்னோம். எழுதக் கூடாததும் உண்டு. குவார்ட்டர்ஸ் எண், கைப்பேசி எண், பள்ளியின் பெயர், அடையாள அட்டை தொங்கும் படம், ஆதார் எண் ஆகியவற்றைப் பொதுவில் வைக்கக் கூடாது. தளங்களில் ஏமாற்றுக்காரர்களும் உலவுகிறார்கள். வெளிநாட்டில் மருத்துவர் என்பார், பரிசுப் பொருள் அனுப்பியதாகச் சொல்வார், சுங்கத்தில் பிடித்துவிட்டார்கள், பணம் கட்டுங்கள் என்பார். நேரில் காணாத ஒருவர் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டிராமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அது இணையக் குற்றங்களுக்கென்றே அரசு வைத்திருக்கும் உதவி எண். வெட்கத்தால் இரண்டு நாள் தாமதித்துப் பணத்தை முற்றும் இழந்த குடும்பம் ஒன்றை அறிவோம்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். குறிப்பைப் பிள்ளைகளே எழுதட்டும். எழுதி முடித்தபின் நாம் படித்துப் பார்க்கலாம். பிழை இருந்தால் திருத்தலாம். பொய் இருந்தால் கேட்கலாம். சில தளங்களில் இக்குறிப்பை எழுதியவர் தாமா, பெற்றோரா, உடன்பிறந்தாரா என்று ஒரு கட்டம் உண்டு. தந்தை எழுதினால் தந்தை எழுதுகிறேன் என்று சொல்லி, தந்தையின் குரலிலேயே எழுதலாம், அதில் தவறில்லை. எம் நண்பர் ஒருவர், "என் மகன் என்னிடம் அதிகம் பேச மாட்டான், ஆனால் நான் இரவுப் பணி முடிந்து வரும்போது கதவைத் திறப்பவன் அவனே" என்று எழுதினார். அந்த வரியைப் படித்துவிட்டே பெண் வீட்டார் அழைத்தார்கள்.

எம் தங்கையின் செய்தி என்ன ஆயிற்று என்று தாய்மார்கள் அறிய விரும்புவீர்கள். புதிய குறிப்புக்கு ஐந்து மாதங்களில் ஒன்பது பேரே எழுதினார்கள். முதலில் வந்த நாற்பதோடு ஒப்பிட்டு எமக்குக் கவலையாக இருந்தது. காது கேட்கும் கருவி வைத்தால் சரியாகாதா என்று கேட்டவர் இருவர். பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டவர் ஒருவர். அந்தக் கேள்விகளுக்கு அவளே பொறுமையாகப் பதில் எழுதினாள். எமக்குத்தான் கோபம் வந்தது. கோயம்புத்தூரில் ஓர் அச்சகத்தில் வேலை செய்பவர் ஒருவர், அச்சு யந்திரங்களின் இரைச்சலில் தமக்கும் பேச்சு சரியாகக் கேட்பதில்லை என்றும், நேரில் வந்தால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டு மாதங்களாகக் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. கூடுமா கூடாதா என்று எமக்குத் தெரியாது. கேட்டால் அவளும் சொல்வதில்லை. அடுத்த மாதம் அவர் தம் தமக்கையாரோடு வருவதாக எழுதியிருக்கிறார். அந்த இரண்டு நாட்களுக்கு விடுப்பு விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். கூடத்து நாற்காலிகளை எப்படிப் போடுவது என்று வீட்டில் இப்பொழுதே பேச்சு நடக்கிறது.

குறிப்பு எழுதுவதில் உதவி வேண்டுவோர் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சங்க நூலகத்துக்கு வரலாம். எம் தங்கையும் எம் மகளும் அங்கே இருப்பார்கள். பிள்ளைகளை உடன் அழைத்து வாருங்கள். தங்கையிடம் பேசுவோர் அவள் வலப்புறத்தில் அமருமாறு கேட்டுக்கொள்கிறோம்.